கோப்பில் இருந்த நாலு பேர்

1

காமராஜர் சாலைக்கு வந்த பிறகுதான் கழுத்தில் ஹெட்போன் தொங்குவது தெரிந்தது. அது முருகையனுடையது. சாரத்தில் இருக்கும் அவனுடைய கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து முக்கால் கிலோமீட்டராவது நடந்து வந்திருப்பேன். திரும்பிப் போய்க் கொடுக்க மனம் வரவில்லை. போனால் அவன் வாங்கி வைத்திருக்கும் கேக்கைப் பார்க்க வேண்டியிருக்கும். ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பெரிய மார்க்கெட்டைப் பார்த்து நடந்தேன்.

மே மாதம், பிற்பகல் மூன்று மணி. வெயிலுக்கு எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். தெருவில் நானும் ப்ளெக்ஸ் பலகைகளில் இருந்த பிள்ளைகளும்தான். பரீட்சை முடிவுகள் வந்த நேரம். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் பிள்ளைகளின் முகத்தையும் மதிப்பெண்ணையும் பெரிதாக அடித்துக் கட்டியிருந்தது. முகத்தைவிட மதிப்பெண்தான் பெரிதாக இருந்தது. பதினான்கு வருடமாக பிரான்சில் இருக்கும் நான், லீவில் தனியாக வந்திருந்தேன். தவளக்குப்பத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். வெயில் உனக்கு ஆகாது என்று சொல்லி அக்கா காலையில் ஒரு தொப்பி கொடுத்து அனுப்பினாள். அதை முருகையன் சென்டரிலேயே விட்டுவிட்டேன்.

அரை மணி நேரத்துக்கு முன்னால், அவனுடைய கம்ப்யூட்டர் திரையில் உட்கார்ந்திருந்த மூன்று பிரெஞ்சுக்காரர்கள் எனக்கு டிப்ளமா கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில் பெயிலாவது எப்படியிருக்கும் என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை. பசிக்கிறது, ஆனால் சாப்பிடத் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

2

நான் ஒன்பதாவது வரை படித்தவன். படிப்பு வரவில்லை என்று சொல்ல மாட்டேன். உட்கார வரவில்லை. பத்தாவதில் பாதியில் நின்று, சாரத்தில் கேபிள் டிவிக்காரர் ஒருவரிடம் சேர்ந்து கம்பம் ஏறினேன். அதை விட்டுவிட்டு பெங்களூரில் கம்ப்யூட்டர் பூட்டும் கடை. அதையும் விட்டுவிட்டு வளைகுடாவில் இரண்டு வருடம். கட்டடங்களின் பொய்க் கூரைக்குள் தவழ்ந்து ஒயர் இழுக்கிற வேலை. அங்கே நாற்பத்தெட்டு டிகிரியில் கூரைக்குள் மயங்கி விழுந்த என்னைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். மறுநாள் திரும்ப ஏறினேன். பிறகு ஊர், கல்யாணம், பிரான்ஸ். என் மனைவி விமலாவின் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. புதுச்சேரியில் அது எப்பேர்ப்பட்ட சீதனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பாரிசுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். நான், விமலா, பதினைந்து வயதில் எங்கள் மகள் இனியா. முதலில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், பிறகு கிடங்கில் காவல் இருந்தேன், பிறகு வீடு வீடாக ஃபைபர் இழுத்தேன். கடந்த ஆறு வருடமாக ஒரு டேட்டா சென்டரில் டெக்னீஷியன். அக்காவிடம் இதை விளக்க நான் பட்ட பாடு தனி. கடைசியில், "உன் போன்ல இருக்கற போட்டோ எல்லாம் எங்கேயோ ஒரு ரூம்ல இருக்குல்ல, அந்த ரூமைப் பாத்துக்கறேன்" என்றேன். "கரண்ட் போனா?" என்று கேட்டாள். என்னை வேலைக்கு எடுத்த அதிகாரி கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான்.

இங்கே எல்லோரும் 'கிளவுட்' என்கிறார்கள். முருகையன் சென்டரின் சுவரில் நீல வானமும் வெள்ளை மேகமும் வரைந்து அதற்குள் கம்ப்யூட்டரை மிதக்கவிட்டிருக்கிறார்கள். நான் அந்த மேகத்துக்குள் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். காதில் பஞ்சு அடைக்காமல் நிற்க முடியாது, அத்தனை இரைச்சல். ஒரு பக்கம் எலும்பு வரைக்கும் குளிரும், எதிர்ப் பக்கம் அடுப்பங்கரை மாதிரி கொதிக்கும். இப்போது ஏஐ என்று ஆரம்பித்த பிறகு கொதிப்பு இன்னும் கூடிவிட்டது. உலகமே அறிவு என்று சொல்கிற ஒன்று, அந்த அறைக்குள் எனக்கு வெறும் சூடாகத்தான் தெரியும். சூட்டை வெளியேற்றத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை உண்டு.

இருந்தது என்று சொல்ல வேண்டும். போன வருடம் பராமரிப்பு வேலை புதிய கம்பெனிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். அறைக்குள் இயந்திரங்களைத் தொடுகிறவர்களிடம் டிப்ளமா இருக்க வேண்டும் என்பது புதியவர்களின் நிபந்தனை. என் மேலாளர் நல்ல மனிதர். படிக்காதவர்கள் தங்கள் அனுபவத்தைக் காட்டி டிப்ளமா வாங்கும் வழி பிரான்சில் உண்டு என்று அவர்தான் சொன்னார். செய்த வேலையை எல்லாம் விளக்கி ஒரு கோப்பு எழுத வேண்டும். பிறகு ஒரு குழு கூப்பிட்டுப் பேசும். அவ்வளவுதான்.

குழுவின் தேதி என் லீவுக்குள் விழுந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தேதியை மாற்றக் கேட்டேன். ஒரு படிவம் அனுப்பினார்கள். நிரப்பி அனுப்பியதற்கு, இந்தப் படிவம் நோயாளிகளுக்கு மட்டும் என்று பதில் வந்தது. கடைசியில், வீடியோவில் வரலாம் என்றார்கள். அப்படித்தான் சாரத்தில் உட்கார்ந்து பாரிசில் பெயிலானேன்.

3

கோப்பை எழுதிய விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் முசே அந்துவானைச் சொல்ல வேண்டும். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா.

என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பிரான்சிலிருந்து அவருக்கு வரும் உறைகளை வீட்டில் யாரும் பிரிக்க மாட்டார்கள். அப்படியே எடுத்துக்கொண்டு முசே அந்துவான் வீட்டுக்குப் போவார்கள். அவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. முன்னறையில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருப்பார். வரிசையில் எப்போதும் ஐந்தாறு பேர். உறையைப் பிரிப்பார், படிப்பார், பதிலைத் தட்டுவார், தாளை நம் பக்கம் தள்ளுவார்.

"இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"இன்னா எழுதியிருக்கீங்க முசே?"

"உனுக்கு எதுக்கு? வேல ஆவும்."

வேலை ஆகும். எனக்கு விசா வாங்கிக் கொடுத்த கடிதத்தையும் அவர்தான் எழுதினார். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. பிரெஞ்சு அட்டையில் என் அப்பா பெயர் குடும்பப் பெயராகி, வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் என்னை முசே கோவிந்தன் என்கிறார்கள். என் பெயர் சேகர். பதினான்கு வருடமாகச் செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். மாமனார் பிறந்தது ஆடி மாதம். பேப்பரில் ஜனவரி ஒன்று என்று இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்க ஜனவரி ஒன்றாம் தேதிதான் கேக் வெட்டினார். திருத்தலாமே என்று புது மாப்பிள்ளைத் திமிரில் ஒருமுறை கேட்டேன். "பேப்பரோட சண்டை போட்டவன் பென்ஷன் வாங்கனதா நான் பாத்ததில்ல மாப்ள" என்றார். அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான் நினைப்பு. அதிகாரி கேட்டால் பேப்பரில் இருப்பதைச் சொல். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதே.

முசே அந்துவான் இப்போது இல்லை. ஆனால் எழுதிக் கொடுக்கும் செயலி என் போனிலேயே இருக்கிறது. நான் செய்த வேலைகளைத் தமிழில் பேசிப் பதிவு செய்தேன். ரயிலில், சாப்பாட்டு இடைவேளையில், துணி துவைக்கும் கடையில் காத்திருக்கும்போது. அது பிரெஞ்சில் எழுதித் தந்தது. அறுபத்திரண்டு பக்கம். நான் பிரெஞ்சை நன்றாகவே பேசுவேன். படிப்பது மட்டும் மெதுவாகத்தான். அதனால் போனையே தமிழில் வாசிக்கச் சொல்லி, வீட்டுக் கூடத்தில் விமலாவையும் இனியாவையும் உட்கார வைத்துச் சில பக்கங்களைக் கேட்டோம். யாரோ ஒரு பெரிய மனிதனின் வாழ்க்கை மாதிரி இருந்தது. விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இனியா மட்டும், "நான் ஒருவாட்டி படிச்சிப் பாக்கட்டுமா பப்பா?" என்று கேட்டாள்.

"உனுக்கு எதுக்கு? நீ உன் பாடத்தப் படி" என்றேன்.

அப்படிச் சொன்னது முசே அந்துவானா நானா என்று இப்போது யோசிக்கிறேன்.

4

மூன்று பேரும் நல்லவர்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நடுவில் நரைத்த தலையோடு ஒரு மதாம், அவர்தான் தலைவர். ஒரு பக்கம் இளம்பெண், குறிப்பு எடுத்தாள். இன்னொரு பக்கம் என் வயதில் ஒரு பொறியாளர். கையில் பழைய தீக்காயம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. கை வேலை தெரிந்த ஆள்.

புதுச்சேரியில் மழையா என்று கேட்டார்கள். வெயில் என்றேன். சிரித்தோம். பிறகு பொறியாளர் கோப்பைத் திறந்தார்.

"குளிர்சாதனம் நின்றுபோன நாள். இதைப் பற்றிப் பேசலாமா, முசே கோவிந்தன்? நான்கு பேர் கொண்ட அவசரக் குழுவை அமைத்து வழிநடத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்."

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம். கோடைகாலம். குளிர்விக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. கட்டடத்தில் நானும், துப்புரவு வேலை செய்யும் ஃபத்தூ என்ற மாலி நாட்டுப் பெண்ணும் மட்டும். மேலாளர் வர ஒரு மணி நேரம் ஆகும். நான் பின்சுவர் வரிசையை முதலில் அணைத்தேன். அங்கே கூரை தாழ்வு. சூடு முதலில் அங்கேதான் தேங்கும். முந்தின நாள் புறங்கையை வைத்துப் பார்த்தபோதே அந்த வரிசை கணகணவென்று இருந்தது. ஃபத்தூ அலுவலகத்துக் காகிதப் பெட்டிகளைத் தூக்கி வந்து கதவுகளுக்கு முட்டுக் கொடுத்தாள். வரவேற்பறையிலிருந்து காற்றாடிகளை இழுத்து வந்தோம். ஒரு இயந்திரமும் சாகவில்லை.

இதைத்தான் நான் தமிழில் பேசிப் பதிவு செய்திருந்தேன். "எல்லாரும் சேந்து சமாளிச்சோம்" என்று முடித்தேன். நாம் அப்படித்தானே பேசுவோம். அந்த எல்லாரையும் செயலி நான்கு பேராக்கி, குழுவாக்கி, எனக்குத் தலைமைப் பதவியும் கொடுத்திருந்தது.

அப்போதாவது, அது தவறு ஐயா, நானும் ஒரு பெண்ணும்தான் இருந்தோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் என்றுதான் பேப்பரில் இருக்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது.

"ஆமாம்" என்றேன்.

"யார் யார் அந்த நால்வர்?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே முருகையன் கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தான். "முருகையன்" என்றேன். அடுத்து அக்கா வீட்டுக்காரர் பெயர், செல்வம். அடுத்து அக்கா பெயர், மல்லிகா. இளம்பெண் ஒவ்வொன்றையும் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள். நான்காவதாக ஃபத்தூ என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

"முதலில் எந்த வரிசையை அணைத்தீர்கள்?"

பின்சுவர் வரிசை. பதில் நாக்கு நுனியில் இருந்தது. அந்தச் சூடுகூடப் புறங்கையில் இருந்தது. ஆனால் கோப்பில், கையேட்டு முன்னுரிமைப்படி என்று இருப்பதாக ஞாபகம். இரண்டும் ஒன்றா வேறா என்று எனக்குத் தெரியாது.

"கையேட்டு வரிசைப்படி" என்றேன்.

"எந்த வரிசை?"

"நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது, முசே."

அவர் கோப்பை மூடினார். கோபமாக இல்லை. "நான் பக்கத்தைக் கேட்கவில்லை" என்றார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எனக்கு வழிவிட்டுக் காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. நான் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டேன்.

இருபது நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டார்கள். தலைவர் பேசினார். "கோப்பு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வேலைகளைச் செய்த மனிதரை இன்று நாங்கள் சந்திக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவரை அழைத்துக்கொண்டு வாருங்கள்."

நன்றி சொன்னேன்.

5

முருகையனும் நானும் ஒரே வகுப்பு. நான் நின்றுவிட்டேன், அவன் மேலே படித்தான். அவன் சென்டர் வாசலில் ஒரே இரும்புச் சட்டத்தில்தான் இத்தனை வருடமும் பலகை மாறுகிறது. முதலில் டைப்ரைட்டிங். பிறகு டிசிஏ. பிறகு ஜாவா. பிறகு டாலி. இப்போது, 'மூன்றே மாதத்தில் ஏஐ நிபுணர்'. உள்ளே அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். பொறியியல் முடித்த பிள்ளைகள் வந்து, இயந்திரத்திடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று காசு கட்டிப் படிக்கிறார்கள். நான்கு வருடம் காலேஜில் ஒரு கேள்வியும் கேட்கவிடாமல் உட்கார வைத்துவிட்டு, பிறகு கேள்வி கேட்க மூன்று மாத கோர்ஸ்.

நான் அறையிலிருந்து வெளியே வந்ததும் கேக் பெட்டியோடு நின்றான்.

"இன்னாடா, மூஞ்சி இப்பிடி இருக்கு? குடுத்துட்டானுங்களா?"

"இல்ல."

"இன்னா கேட்டானுங்க?"

"உன் பேர கேட்டாங்க. சொன்னேன்."

கதை முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு கேக் பெட்டியை மேசைமேல் வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. கணக்குப் போடுகிறவன். "சரி வுடு. ஒண்ணு சொல்றேன் கேளு. அங்க போயி இன்னா பண்ணப் போற? இங்கயே இருந்துடு. 'பிரான்ஸ் ஏஐ வல்லுநர் சேகர்'னு உன் போட்டோ போட்டு ஒரு போர்டு வைக்கிறேன். கோட்டு என்கிட்ட இருக்கு."

"எனுக்கு ஏஐ தெரியாதுடா."

"எனுக்கு மட்டும் தெரியுமா?"

அப்போதுதான் கிளம்பி நடக்க ஆரம்பித்தேன், ஹெட்போனைக் கழற்றாமல்.

6

நேரு வீதிக்குள் நுழையும்போது இனியா கூப்பிட்டாள். அவளுக்கு அது பள்ளிக்கூட இடைவேளை. ஒரு நகைக்கடை நிழலில் ஒதுங்கினேன். அவள் பேசுவதில் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். முன்பெல்லாம் தமிழ்தான் முக்கால்வாசி. எந்த வருடம் அது பாதியானது என்று நான் கவனிக்கவில்லை. நான் இயந்திர அறையில் இருந்தேன்.

"கிடைக்கலியா?"

"இல்லம்மா."

அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"எனக்குத் தெரியும் பப்பா. மொதல் பக்கத்துலயே தெரிஞ்சிது."

"நீ எப்ப படிச்ச?"

"நீ தூங்கறப்ப. முழுசும் படிச்சேன். அது நீ இல்ல. நீ இப்பிடிப் பேசவே மாட்ட. எங்க க்ளாஸ்ல இந்த மாதிரி எழுதிக் கொடுத்தா மதாம் உடனே சீரோ போடுவாங்க."

"ஏன் சொல்லல?"

"அம்மா அழுதாங்க. நீ ரொம்ப ஹாப்பியா இருந்த. அப்புறம் நான் கேட்டதுக்கு, உனுக்கு எதுக்குன்னு சொன்ன."

கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. பத்து வயதிலேயே மின்சாரக் கம்பெனிக்கும் வரி ஆபீசுக்கும் எங்களுக்காகப் போன் பேசியவள் அவள். அவள் ஆசிரியர் ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய கட்டுரையைக் காட்டினார். கருத்து முழுக்கத் தவறு என்று எழுதி, அதற்கு இருபதுக்குப் பதினான்கு போட்டிருந்தார். தவறுக்கு எதற்கு இத்தனை மார்க் என்று கேட்டேன். "இது அவளுடைய தவறு, முசே. யாரையும் பார்த்து எழுதவில்லை" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் விமலாவிடம் அந்த ஆசிரியரைக் கிண்டல் செய்துகொண்டு வந்தேன். நாங்கள் படித்த பள்ளியில் சரியான விடையைச் சொந்த வார்த்தையில் எழுதினால்கூட அடி விழும். இப்போது ஊரில் பிள்ளைகளுக்குச் செயலி எழுதித் தருகிறது, எழுதியது செயலியா என்று கண்டுபிடிக்க ஆசிரியருக்கு இன்னொரு செயலி. நடுவில் மனிதன் வேலை கையெழுத்துப் போடுவது மட்டும். எனக்கு அது புதிதில்லை. முசே அந்துவான் வீட்டு வரிசையில் நின்றவன்தானே.

"பப்பா, இருக்கியா?"

"இருக்கேன்."

"அந்த ஃபத்தூ கதை நெஜமா? அட்டைப்பெட்டி வெச்சது?"

"நெஜம். நீ எப்பிடிக் கேட்ட அத?"

"உன் போன்ல ரெக்கார்டிங் இருந்துச்சு. அதுதான் சூப்பரா இருந்துச்சு. அதுல ஒண்ணுமே ஃபைல்ல இல்ல." மணி அடித்தது. "நான் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

7

அக்கா பெரிய மார்க்கெட்டில் கீரை விற்கிறாள். தவளக்குப்பத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் கூடையோடு வருவாள். மூன்றரைக்கு மேல் மூட்டை கட்டிவிடுவாள். நான் போனபோது மீதிக் கட்டுகள் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"தொப்பி எங்கடா?"

"வுட்டுட்டேன்."

"பாஸா, பெயிலா?"

"பெயிலு."

"திரும்ப எழுத வுடுவாங்களா?"

"ஒரு வருஷம் கழிச்சி."

"அப்ப இன்னா? இந்தக் கூடயத் தூக்கு."

பக்கத்துக் கடை பூக்காரம்மா, "பிரான்ஸ்லகூட பெயிலு போடுவாங்களா?" என்று கேட்டாள். அங்கே போய் உட்கார்ந்தாலும் போடுவார்கள், எனக்கு இங்கே தேடி வந்து போட்டிருக்கிறார்கள் என்றேன். கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, குழுவில் அக்கா பெயரையும் சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"நானு எங்கடா வந்தேன் அங்க?"

"நாலு பேர் கேட்டாங்க."

"நான் இன்னா பண்ணேனாம்?"

"மிஷின எல்லாம் சூடு ஆவாம காப்பாத்தன."

"தண்ணி தெளிச்சிருப்பேன்" என்றாள். இரண்டு பேரும் நடுரோட்டில் நின்று சிரித்தோம். பிறகு அவள் முகம் மாறியது. "உள்ளதச் சொல்ல இன்னாடா பயம் உனுக்கு? கம்பத்துல ஏறப் பயப்படல. பாலைவனத்துக்குப் போவப் பயப்படல."

கூடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். இதுவரை எனக்கு ஒரு இடம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போய்விடுவேன். அது தைரியம் என்று நானும் நினைத்தேன், மற்றவர்களும் நினைத்தார்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து, இது தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானும் கற்றுக்கொள்ளவில்லை.

பஸ்ஸில் போகும்போது விமலா கூப்பிட்டாள். புதிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. டிப்ளமா இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. இழப்பீடு வாங்கிக்கொண்டு விலகலாம். அல்லது அறைக்குள் 'உடன்செல்பவர்' என்ற வேறு வேலை. நாளைக்குள் பதில் வேண்டும்.

"அந்த ஆப்லயே ஒரு பதில் எழுதி அனுப்பிடுங்க. நல்லா எழுதும்" என்றாள்.

"வேணாம். காலையில நானே பேசறேன்."

"நீங்களா? எதையாவது மாத்திச் சொல்லிடப் போறீங்க."

8

மறுநாள் பகல் பதினொன்றரை மணி. பாரிசில் எட்டு, ஆபீஸ் திறக்கும் நேரம். அக்கா வீட்டு மொட்டை மாடியில் சிக்னல் இருக்கும் மூலையில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்தேன். முந்தின நாள் இரவிலிருந்து எல்லா வேலையையும் விட்டுவிடும் ஆசையும் இருந்தது. இழப்பீட்டை வாங்கிக்கொண்டு இன்னொரு ஊர், இன்னொரு கூரை. அப்படிப் போயிருந்தால் இது எட்டாவது வேலையாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த வருடம் அந்தப் பொறியாளர் எதிரில் உட்கார வேண்டுமானால் நான் அந்த அறைக்குள் இருந்தாக வேண்டும். போன் போட்டேன்.

பணியாளர் பிரிவில் ஒரு பெண் எடுத்தாள். உடன்செல்பவர் வேலையை ஏற்கிறேன் என்றேன். சந்தோஷம், பணி விவரத் தாளை அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிவிடுங்கள் என்றாள். இரண்டு பக்கம். லைனில் இருங்கள், படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அது வழக்கமில்லை போலிருக்கிறது. "இப்போதேவா?" என்றாள்.

"இப்போதே. நான் மெதுவாகப் படிப்பேன்."

படித்தேன். விரலை வைத்து, வரி வரியாக. முதல் பக்கத்தில், அந்த இடத்தில் என் பணிக்காலம் நான்கு வருடம் என்று இருந்தது.

"மதாம், இது தவறு. ஆறு வருடம்."

"எங்கள் கம்ப்யூட்டரில் நான்குதான் இருக்கிறது."

"முதல் இரண்டு வருடம் வேறு ஒப்பந்தக்காரர். நான் அதே அறையில்தான் இருந்தேன்."

"கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிறகு திருத்திக்கொள்ளலாம்."

மாமனார் நினைவு வந்தது. "முடியாது மதாம். திருத்தி அனுப்புங்கள். போடுகிறேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். இசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பதினேழு நிமிடம் அந்த இசையைக் கேட்டேன். அக்கா மாடிக்கு வந்து, காய்ந்த துணிகளை எடுத்து, என்னைச் சுற்றி மடித்து வைத்துவிட்டு இறங்கிப் போனாள். புதிய தாள் வந்தது. ஆறு என்று இருந்தது.

பிறகு இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். வெளிக் கம்பெனி டெக்னீஷியன்களை வாசலில் சந்தித்து, பெயர் பதிந்து, அறைக்குள் கூட்டிப் போக வேண்டும். அவர்கள் வேலை முடிக்கும்வரை இரண்டு மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். நாற்காலி கிடையாது. இயந்திரங்கள் எதையும் தொடக் கூடாது என்பது மட்டும் தனி வரியாக, தடித்த எழுத்தில் இருந்தது. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். அதில் தவறு ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.